காட்டுவழியான் எனக்குப் பண்ணுனது

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க படிச்சுட்டு வர்றது 'குறிவட்டம்' பத்திரிகைதானுங்களே? அட்டையைப் பார்த்தேன், அதான் கேட்டேன். எந்தப் பக்கமுங்க? காட்டுவழியானா? நெனச்சேன். வாங்குறவங்க எல்லாரும் மொதல்ல அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவாங்க.

அதை எழுதறவன் பேரு பூபதி. என்ற சிநேகிதன். சிநேகிதனா இருந்தவன்னு சொல்லோணும்.

நீங்க எதுவரைக்குமுங்க? சத்தியமங்கலமா? அப்பச் சரி. நான் புளியம்பட்டியில எறங்கிக்குவேன். அன்னூர் தாண்டுனா பஸ்ஸுல கூட்டமும் கொறஞ்சிரும். சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

அந்தப் பத்திரிகையில நானும் எழுதுனவனுங்க. தண்டபாணின்னு பேரு. பழைய இதழ் கெடச்சாப் பாருங்க, 'குறி தப்பாது'ன்னு என்ற பக்கம் இருக்கும். அவன் காடு, மலை, கூடாரம் போடறது, நடக்கறது எல்லாம் எழுதுவான். நான் துப்பாக்கி. பயந்துக்காதீங்க, லைசென்ஸ் வேண்டாத ஏர் ரைஃபிள். மருந்து கெடையாது, காத்தோட அழுத்தத்துல சுடறது. அட்டையில வட்டம் போட்டு ஈயக்குண்டு விடற விளையாட்டு. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, எண்ணெய் எப்படி விடறது, தோள்ல எப்படி வெக்கறது. நான் நல்லா இருக்குதுன்னு எழுதுனா கடையில அந்த மாடல் நிக்காதுங்க. பெருமைக்குச் சொல்லல. கடைக்காரங்களே சொல்லுவாங்க.

பத்திரிகையை நடத்தறது எஸ்தர் மேடம். நாசரேத்துக்காரங்க, கோயமுத்தூர்ல வந்து இருந்துட்டவங்க. அவங்க வெச்சது ஒரே ஒரு சட்டந்தானுங்க. "அண்ணாச்சி, நீங்க சுடாத துப்பாக்கியப் பத்தி எழுதாதீய. நடக்காத காட்டப் பத்தி எழுதாதீய. கையில பிடிச்சதுல என்ன பாத்தீயளோ அத மட்டும் எழுதுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்." அவ்வளவுதான். எங்க ரெண்டு பேரு மேலயும் அத்தனை நம்பிக்கை. நாங்க குடுக்கறதை ஒரு எழுத்து மாத்த மாட்டாங்க.

நானும் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறுனதில்லீங்க. சுடாத துப்பாக்கியப் பத்தி நான் எழுதுனதே கெடையாது. இதை நீங்க மனசுல வெச்சுக்கோங்க.

பூபதி அப்படியில்லை. ஒருக்கா ஒத்தைக் கொம்பன் யானை கூடாரத்துக்குள்ள தும்பிக்கையை விட்டு மோந்து பார்த்துச்சு, மூச்சை அடக்கீட்டு அசையாமப் படுத்திருந்தேன்னு எழுதுனான். படிச்சவங்களுக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. நெசத்துல என்ன நடந்துச்சுன்னா, அவன் ஜீப்புல பின் சீட்டுல கொறட்டை விட்டுட்டுக் கெடந்தான். காலையில எந்திரிச்சுப் பார்த்தா தூரத்துல யானை லத்தி கெடந்துச்சு. அவ்வளவுதான் யானை. நானும் அந்த ஜீப்புல இருந்தவன்தானுங்களே! வாசகர் ஒருத்தர் "இது உண்மைதானா?"ன்னு கடுதாசி போட்டுட்டாரு. மேடம் அதை அச்சுலயே போட்டாங்க. நான் அடுத்த இதழ்ல பதில் எழுதுனேன். "அன்றிரவு அவருடன் இருந்தவன் நான்"னு. அதுல என்னங்க பொய்? இருந்தேன்தானே? சிநேகிதனை விட்டுக் குடுக்க முடியுமா?

அப்படிப்பட்டவனுக்காக நின்னவனுங்க நான். அதை அவன் கடைசியில எப்படித் திருப்பிக் குடுத்தான்னு பாருங்க.

நம்ம பக்கத்துக் கம்பெனி ஒண்ணு. பேரு வேண்டாம் விடுங்க. புதுசா ஒரு ஏர் ரைஃபிள் கொண்டு வந்தாங்க. செந்நாய்னு பேரு வெச்சாங்க. பேரே தூக்குதுல்லீங்க? குழலை மடக்கிக் குண்டு போடற மாதிரி. அதாவதுங்க, குழலைப் பிடிச்சுக் கீழே இழுத்து மடக்கோணும். உள்ள ஸ்பிரிங் இறுகி நிக்கும். மடங்கின வாயில குண்டை வெச்சு, கட்டைவிரல்ல அமுக்கிட்டு, குழலை நிமுத்தோணும். அப்புறந்தான் சுடறது. மடங்கி இருக்கையில ஸ்பிரிங் பூட்டு தானா விட்டுப் போச்சுன்னா, குழல் பட்டுன்னு மேல வந்து மூடிக்கும். விரல் நடுவுல இருந்தா அத்தோட சரி. அப்படி விடக் கூடாதுன்னுதான் உள்ள ஒரு கொக்கி வெச்சிருப்பாங்க.

ஆனைகட்டிக்குப் பக்கத்துல ஒரு தோப்புல எங்களைக் கூப்பிட்டு முகாம் போட்டாங்க. ஆத்தங்கரை, கூடாரம், வெள்ளாட்டுக் கறி. ஜெயப்பிரகாஷ்னு கம்பெனி ஆளு. நல்ல மனுசன், தங்கமான மனுசன். "அண்ணா, நீங்க ரெண்டு பேரும் சுட்டுப் பார்த்துட்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்க"ன்னான். நல்லாத்தாங்க சுட்டுச்சு. வட்டத்துக்கு நடுவுல போயி உக்காந்துச்சு. மரக்கட்டை வேலைப்பாடு அத்தனை அழகு. ரெண்டாம் நாளு நான் குழலை மடக்கி, குண்டை எடுக்கறதுக்குச் சட்டைப் பையில கைய விடறேன், பட்டுன்னு மூடிருச்சு. தொட்டி உடைஞ்சாப்புல ஒரு சத்தம். பூபதி பக்கத்துல நின்னவன் ஓடி வந்து என்ற கையைப் பிடிச்சு விரலெல்லாம் இருக்குதான்னு ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்தான்.

ஜெயப்பிரகாஷ் மூஞ்சி வெளுத்துப் போச்சு. "அண்ணா, இது மாதிரிக்குச் செஞ்சது. கடைக்கு வர்றதுல கொக்கி மாத்திருவோம். எம்மேல நம்பிக்கை வைங்க"ன்னான். கெளம்பறப்ப ஆளுக்கு ஒரு செந்நாய் டிக்கியில வெச்சு விட்டான். நாங்க கேக்கலீங்க. அவனா வெச்சான். மரியாதைக்குக் குடுக்கறதை வேண்டாம்ன்னா நல்லாவா இருக்கும்?

வர்ற வழியில பூபதி கேட்டான். "தண்டபாணி, அதை எழுதீருவியாடா?"

"எதை?"

"மூடுனதை."

"மாத்தறம்ன்னு சொல்றானில்ல. மாத்திட்டா நாம எழுதுனது பொய்யாயிரும்"ன்னேன்.

அவன் கண்ணாடியை எறக்கி விட்டான். அப்புறம், "துப்பாக்கி உன்ற பக்கம். நீ பார்த்துக்கோ"ன்னான். சொன்னானுங்களா இல்லையா? சொன்னான். அவன் முகாம் பத்தி எழுதுனான், ஆறு, நிலா, கறின்னு. நான் செந்நாய் பத்தி எழுதுனேன். அதுல நான் எழுதுன ஒவ்வொரு வரியும் நெசம். குறி நெசம், கட்டை நெசம், எடை நெசம். கடைசியில எழுதியிருந்தேனுங்க: "எந்தப் புதிய துப்பாக்கியையும் கவனத்துடன் கையாள வேண்டும்." எழுதியிருக்குது. போயிப் பாருங்க. எச்சரிக்கை பண்ணலைன்னு எவனும் என்னைச் சொல்ல முடியாது.

கடையில அள்ளீட்டுப் போனாங்க.

அதை வாங்குனவங்கள்ல ஒருத்திதான் துளசிமணி. கெம்பநாயக்கன்பாளையத்துப் பக்கம். காலேஜ் படிக்கற புள்ளை. போட்டிக்குப் போகோணும்னு ஆசை. அவங்க அம்மாகிட்ட என்ற கட்டுரையைக் காட்டி, "தண்டபாணி சாரே சொல்லீட்டாரு"ன்னு அழுது அடம் பிடிச்சு வாங்குனாளாம். வாங்கி ரெண்டு வாரம்கூட ஆகலை. குண்டை வெச்சுக் கட்டைவிரல்ல அமுக்கியிருக்கா. மூடிருச்சு. வலது கைக் கட்டைவிரல். நகம் இருக்கற இடத்தோட போச்சுங்க.

ச்சே. பாவந்தான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேளுங்க. இன்னொரு கையில குழலைக் கெட்டியாப் பிடிச்சுட்டுத்தான் குண்டு போடோணும். அது பழகுறவங்களுக்கு மொதப் பாடம். அவ பிடிக்கலை. அதை யாரும் பேச மாட்டாங்க. பேசுனா நான் கெட்டவன்.

என்னங்க? நான் பிடிச்சிருந்தேனா, அன்னிக்கா? நான் பழகுன ஆளுங்க. என்னைய விடுங்க.

பூபதிதான் போன் பண்ணுனான். "தண்டபாணி, அந்தப் புள்ளையை ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வந்தேன்டா."

"நீ எதுக்குடா போனே? உன்னை ஆரு கூப்பிட்டா?"

"ஆரும் கூப்பிடலை. போகோணும்னு இருந்துச்சு, போனேன். அவங்கம்மா எனக்குக் காப்பி வாங்கிக் குடுத்தாங்கடா. நான் ஆருன்னு தெரிஞ்சும் வாங்கிக் குடுத்தாங்க. குடிக்க முடியலை." அப்புறம் சொன்னான். "நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதீரலாம். ஆனைகட்டியில மூடுச்சு, எங்களுக்குத் தெரியும், எழுதலைன்னு. இன்னும் எத்தனை ஊட்டுல அந்தத் துப்பாக்கி இருக்குதோ."

நேரா அவன் ஊட்டுக்கே போனேன். எடுத்துச் சொன்னேனுங்க. "டேய், இப்ப எழுதுனா கம்பெனிக்காரன் கேஸ் போடுவான். மேடம் பேரு கெடும். பத்திரிகை நிக்குமா? ஜெயப்பிரகாஷ்கிட்டப் பேசறேன், அவங்களே சத்தமில்லாமத் திருப்பி வாங்கிக்குவாங்க. ஒரு மாசம் பொறு"ன்னேன். அவன் வாயைத் தொறக்கலை. எதுக்க உக்காந்துட்டு என்ற மூஞ்சியவே பார்த்துட்டிருந்தான். முடியாதுன்னு சொல்லலை. முடியாதுன்னு சொல்லலைன்னா சரின்னுதானுங்களே அர்த்தம்? இருபது வருசப் பழக்கத்துல நாங்க அப்படித்தான். நான் அதை வாக்குன்னு எடுத்துட்டு வந்தேன்.

அடுத்த இதழ் வந்துச்சு. காட்டுவழியான் பக்கத்துல காடு இல்லை. "நாங்கள் மறைத்தது"ன்னு தலைப்பு. நாங்கள்! நாங்கள்னு போட எங்கிட்டக் கேட்டானா? ஆனைகட்டி, குழல் மூடுனது, டிக்கியில வெச்ச துப்பாக்கி, ஒண்ணு விடாம எழுதியிருந்தான். அத்தோட விட்டானா? யானையையும் எழுதீட்டான்! ஜீப்புல தூங்குனேன்னு எழுதீட்டான்! எவன் கேட்டான் யானையைப் பத்தி? அதுவரைக்கும் அவன்மேல சந்தேகப்பட்டவன் ஒருத்தன்தான். இப்பப் பாருங்க, "அன்றிரவு அவருடன் இருந்தவன் நான்"னு நான் எழுதுனது ஊரு பூராச் சிரிப்பாச் சிரிச்சுது. எங்க துப்பாக்கிக் கிளப்புல ஒருத்தன் என்னைப் பார்த்து, "அண்ணா, ஜீப்புல எடம் பத்துச்சுங்களா?"ங்கறான்.

இதுக்குப் பேரு என்னங்க? நம்பிக்கைத் துரோகம் இல்லீங்களா?

எஸ்தர் மேடம் கூப்பிட்டாங்க. கோவமாப் பேசியிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க. மெதுவாப் பேசுனாங்க. "அண்ணாச்சி, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? உங்கள நம்பித்தான நான் அச்சுக்கு அனுப்புதேன்?"

"மேடம், நான் எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

"பொய் இல்ல அண்ணாச்சி. படிச்ச பிள்ளைக்கு வெரல் இல்ல."

என்ன பேச்சுங்க இது? நானா போயி வெட்டுனேன்? பூபதி அவங்ககிட்டப் போயி, இனி எழுத மாட்டேன்னு சொல்லி, அந்தத் துப்பாக்கியையும் மேசை மேல வெச்சுட்டு வந்துட்டானாம். மேடம் எனக்கு ஒரு வழி சொன்னாங்க. "நீங்களும் ஒரு பத்தி எழுதிக் குடுங்க. பெருசா வேண்டாம். நடந்தத நடந்தபடி. அடுத்த மாசத்துல இருந்து உங்க பக்கம் உங்களுக்கு." நான் எதுக்குங்க எழுதோணும்? அவன் எழுதுனதுக்குக் கீழ என்ற பேரைப் போட்டாப்புல ஆயிராதா? முடியாதுன்னு வந்துட்டேன். 'குறி தப்பாது' அத்தோட நின்னு போச்சு. அவனைக் கொஞ்ச நாள் கழிச்சு மேடமே போயிக் கூட்டீட்டு வந்தாங்க. அதான் நீங்க படிச்சுட்டு வர்றது.

என்ற ஊட்டுலயும் அந்தச் செந்நாய் இருக்குதுங்க. பீரோ மேல துணி சுத்திக் கெடக்குது. சுடறதில்லை. திருப்பிக் குடுத்தாத் தப்பை ஒத்துக்கிட்டாப்புல ஆயிரும், அதனால வெச்சிருக்கேன். ஊட்டுக்காரி தூசி தட்டறப்பெல்லாம் ஒரு பார்வை பார்ப்பா.

கம்பெனிக்காரங்க அந்த மாடலைப் பூராத் திருப்பி வாங்கீட்டாங்க. அவன் எழுதுனதைப் பார்த்துட்டு ஈரோட்டுல ஒருத்தரு, கரூர்ல ஒருத்தரு எங்களுக்கும் மூடுச்சுன்னு சொன்னாங்களாம். அவங்களுக்கு விரலு தப்பிச்சுது. நல்லதுதான். நான் நல்லதில்லைன்னு சொல்லலீங்க. நல்லதை எங்கிட்டச் சொல்லீட்டுப் பண்ணியிருக்கலாமேங்கறேன். ஜெயப்பிரகாஷுக்கு வேலை போச்சு. அவன் போனை எடுக்கறதில்லை இப்ப. அதுக்கும் நான்தான் பொறுப்பா?

அன்னூர் வந்துருச்சு. கொஞ்சம் தள்ளிக்கோங்க, அந்தம்மா எறங்கட்டும். ஆங், சரி.

போன மாசம் நடந்ததைச் சொன்னாத்தான் உங்களுக்கு முழுசாப் புரியும். எங்க கிளப்புல மாவட்டப் போட்டி. நான்தான் ரேஞ்ச் ஆபீசர். அதாவதுங்க, சுடற எடத்துக்கு நான்தான் அதிகாரி. விசில் ஊதுனாச் சுடோணும், மறுபடி ஊதுனா நிறுத்தோணும். ஒவ்வொரு சுத்தும் என்ற விசில்லதான். பேரு வாசிக்கையில பார்க்கறேன், துளசிமணி. அந்தப் புள்ளை மறுபடியும் வந்து நிக்கறா! கிளப்போட சிலிண்டர் ரைஃபிள், குழல் மடங்காதது. கட்டைவிரல் அரைதான், அதைக் கட்டைமேல படுக்க வெச்சுட்டு என்ன நிதானமாச் சுடறாங்கறீங்க! எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அவ பிரிவுல மூணாவது எடம் அவளுக்கு.

பின்னாடி ஆரு நிக்கறான்னு பார்க்கறேன். பூபதி. அவன்தான் வாராவாரம் போயிப் பழக்கி விடறானாம். சுத்து முடிஞ்சதும் அவ அவங்கிட்டப் போயி, "அண்ணா, இந்த மாசம் நீங்க எழுதுன அருவிக்கு அத்தனை தூரமெல்லாம் இல்லீங்க. நானும் அம்மாவும் போயிட்டு வந்தோம். பாதிகூட இல்லை"ங்கறா. அவன் தலையைச் சொறிஞ்சுட்டு, "அப்படியா கண்ணு? கால் வலியில நீளமாத் தெரிஞ்சுருச்சாட்ட இருக்குது. அடுத்த இதழ்ல திருத்திப் போட்டர்றேன்"ங்கறான். ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. அவங்கம்மா தூக்குச்சட்டியில இருந்து சோத்தைப் போட்டு அவனுக்கு நீட்டறாங்க.

சொல்லுங்க. அவனும் தெரிஞ்சு மறைச்சவன்தானே? நானும் அவனும் அன்னிக்கு ஒரே எடத்துலதானே நின்னோம்? அவனுக்கும் டிக்கியில ஒண்ணு, எனக்கும் ஒண்ணு. அவனுக்குச் சோறு. எனக்கு?

நானாத்தான் போனேன். பெரியவன், நாம போறதுல கொறைஞ்சு போக மாட்டோம்னு. "நல்லாச் சுட்டே அம்மணி"ன்னேன். கும்பிட்டா. மரியாதையான புள்ளைதான். "நன்றிங்க சார்"ன்னா. நான் கெளம்பப் பார்த்தேன். "சார், ஒண்ணு கேக்கலாமுங்களா?"ன்னா.

"கேளு அம்மணி."

"உங்களுக்கு மூடுச்சுல்லீங்க, ஏன் சார் எழுதலை?"

சண்டைக்கு நிக்கறாப்புல கேக்கலீங்க. பாடத்துல சந்தேகம் கேக்கற மாதிரி கேட்டா. எங்கிட்டப் பதில் இல்லாம இல்லை. உங்ககிட்ட இவ்வளவு நேரம் சொன்னேனே, எத்தனை காரணம்! மாத்தறம்ன்னு சொன்னான், பத்திரிகை பேரு, எல்லாம் இருக்குதே. "அதெல்லாம் உனக்குப் புரியாது அம்மணி"ன்னேன்.

"புரியறாப்புலச் சொல்லுங்க சார். நான் இருக்கேன்"னா.

அப்பப் பார்த்து அடுத்த சுத்துக்கு ஆளுங்க வந்து நின்னுட்டாங்க. நான் ஊதோணுமில்லீங்க? போயி ஊதுனேன். அந்தச் சுத்து முடிஞ்சு பார்க்கறேன், அவ அதே எடத்துல நிக்கறா. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, நெழலுக்குக்கூடப் போகலை. அடுத்த சுத்தையும் நானே ஊதுனேன். அதுக்கப்புறம் வேற ஒருத்தரு முறை. அவரு வந்து, "அண்ணா, காலையில இருந்து நிக்கறீங்க, விசிலைக் குடுங்க, போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க"ன்னாரு. நான் குடுக்கலை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க. போகலை. அன்னிக்கு மிச்சம் இருந்த சுத்து அத்தனையும் நான் ஒருத்தனே ஊதி முடிச்சேனுங்க. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவங்கம்மா வந்து கையைப் பிடிச்சுக் கூட்டீட்டுப் போற வரைக்கும் நான் அந்தச் சுடற எடத்தை விட்டு நகரலை.

பொறுப்புன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?